ஓராங் இந்தியன்ஸ்

அமெரிக்காவில் எந்தப் பந்தாட்ட அணி எந்த வருஷம் நன்றாக ஆடியது, எது மோசமாக ஆடியது என்பதை 1924-இல் மலாயாவின் பேராக் முழுவதிலும் என்னைவிட நன்றாக அறிந்த தமிழன் இருந்திருக்க மாட்டான். அதுவரை அந்த ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. பிறகு பார்த்தேன், ஒரே ஒரு ஆட்டம். அதற்கு ஆட்களைப் பழக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

என் பெயர் பாஸ்கல். ஈப்போ ஓரத்துச் சிலிபினில் பிறந்தவன். ஈப்போவில் ஏழாம் வகுப்புவரை இங்கிலீஷ் படித்துவிட்டு, இருபத்திரண்டாம் வயதில் ஒன்பது மைல் தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாகப் போனேன். டயர் செய்யும் ஒரு அமெரிக்கக் கம்பெனி அதை வாங்கியிருந்தது. அதனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அதை அமெரிக்காத் தோட்டம் என்றார்கள். மேனேஜர் ஹார்லன் துரையும் அமெரிக்கர்தான். ஒஹாயோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊர் அவருக்கு. வெள்ளைக்கார கிளப்பில் இங்கிலீஷ் துரைமார்கள் அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பங்களா சமையற்காரர் சொல்வார். அதனாலோ என்னவோ அவருக்கு ஊர் நினைப்பு அதிகம்.

அவருடைய தங்கை மாதம் ஒருமுறை பழைய பத்திரிகைகளைக் கட்டாகக் கட்டிக் கப்பலில் அனுப்புவாள். அங்கே செப்டம்பரிலிருந்து டிசம்பர்வரை பந்தாட்டப் பருவம். அந்தச் செய்திகள் எங்களிடம் வந்து சேர பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். ஆட்டச் செய்திகளைக் கத்தரித்து ஒரு பெரிய புத்தகத்தில் தேதிவாரியாக ஒட்டுவது என் வேலை. சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போக வேண்டும்.

அங்கே குரூகர் வந்திருப்பார். கிந்தா ஆற்றோரம் ஈயம் அள்ளும் கப்பலில் அவர் இன்ஜினியர், சிகாகோக்காரர். இரண்டு பேரும் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, எந்த அணியின் எந்தப் பருவம் ஆகச் சிறந்தது என்று சண்டை போடுவார்கள். நான் புத்தகத்தோடு தூணோரம் நிற்பேன். உட்காரச் சொன்னதில்லை.

ஹார்லனுக்கு 1923-இன் கேன்டன் புல்டாக்ஸ்தான் தெய்வம். பன்னிரண்டு ஆட்டம், பதினொன்றில் வெற்றி, ஒன்று சமம். அந்தப் பருவம் முழுக்க எதிரணிகள் எல்லாம் சேர்ந்து அவர்கள்மேல் எடுத்த புள்ளி பத்தொன்பதுதான். குரூகர் ஒத்துக்கொள்ள மாட்டார். தோற்காதவனுக்கு என்ன தெரியும் என்பார். 1921-இல் சிகாகோக்காரர்கள் பஃபலோவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள், பிறகு அதே பஃபலோவைத் திரும்ப அழைத்து ஜெயித்தார்கள், அதுதான் பருவம் என்பார். "அப்புறம் எங்களிடம் வந்து இரண்டு வருஷமும் தோற்றீர்களே!" என்று ஹார்லன் மேசையைத் தட்டுவார். "பாஸ்கல், என்ன கணக்கு?"

"1922-இல் ஏழுக்கு ஆறு, சார். 1923-இல் ஆறுக்கு பூஜ்யம்."

நான் புத்தகத்தைத் திறக்காமலே சொல்வேன். இரண்டு வெள்ளைக்காரர்களின் சண்டை என் வாயிலிருந்து வரும் ஒரு எண்ணுக்காகக் காத்து நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே வாரம் முழுக்க அந்தத் துண்டுக் காகிதங்களை நெட்டுருப் போட்டேன். பெருமை என்னை எப்படிப் பிடித்தது என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பேச்சு மாறியது. ஆக மோசமான பருவம் எது என்று ஆரம்பித்தார்கள். குரூகர் யோசிக்கவே இல்லை. "ஊராங் இந்தியன்ஸ், 1923" என்றார்.

அந்தப் பெயரை ஒட்டும்போதே நான் தனியாகச் சிரித்திருந்தேன். அன்று வாய் சும்மா இருக்கவில்லை. "சார், மலாயில் ஓராங் என்றால் மனுஷன். ஓராங் இந்தியா என்றால் எங்களைத்தான் சொல்வார்கள்" என்றேன். இருவரும் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு ஹார்லன் விளக்கினார். அவர்கள் உங்கள் இந்தியர்கள் இல்லை, எங்கள் இந்தியர்கள், நாங்கள் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள். நாய் விற்கும் ஒருவர் தன்னுடைய நாய்களுக்குப் பேர் கிடைக்கட்டும் என்று அவர்களை வைத்து அணி அமைத்தார். ஆட்ட இடைவேளையில் ஆட்டக்காரர்களே இறகு கட்டி ஆடுவார்கள், நாய்களோடு வித்தை காட்டுவார்கள். ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வருவார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தேன். பஃபலோவிடம் ஐம்பத்தேழுக்கு பூஜ்யம். கேன்டனிடம் நாற்பத்தொன்றுக்கு பூஜ்யம். வரிசையாகப் பத்துத் தோல்வி. பதினோராவது ஆட்டத்தில் லூயிவில் ஊர்க்காரர்களைப் பத்தொன்பதுக்கு பூஜ்யம் என்று ஜெயித்திருந்தார்கள். அந்த ஒரு வெற்றியைப் பத்திரிகையில் மூன்று வரியில் முடித்திருந்தார்கள். என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை குரூகர் மறுபடி அதே பேச்சை எடுத்தார். கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னேன். "அது மோசமான பருவம் இல்லை, சார். ரோச்செஸ்டர் அணி நாலு ஆட்டம் ஆடி நாலும் தோற்றது, அதோடு சரி. இவர்கள் பத்தைத் தோற்றுவிட்டுப் பதினோராவதுக்கும் இறங்கினார்கள். மற்ற அணிகள் இடைவேளையில் மூச்சு வாங்கும்போது இவர்கள் நாயோடு ஓடியிருக்கிறார்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்."

குரூகர் சிரித்தார். "உன் கிராணி சொந்தக்காரனுக்காகப் பேசுகிறான், ஹார்லன்."

ஹார்லன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "இந்தியர்களுக்கு இந்த ஆட்டம் வரும் என்கிறாயா?"

"முறையாகச் சொல்லிக் கொடுத்தால் வரும், சார்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று எத்தனை முறை நினைத்திருக்கிறேன்!

குரூகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஈயக் கம்பெனியில் காவலுக்கு இருக்கும் சீக்கியர்களில் பதினொரு பேர், எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களில் பதினொரு பேர். ஜூலை நாலாம் தேதி, அமெரிக்காவின் பெருநாள் அன்று ஆட்டம். பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டது. எங்கள் ஆட்களைப் பழக்கும் பொறுப்பு என் தலையில். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பொறுப்பாகத் தெரியவில்லை, பட்டம் கட்டியதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆட்களை வரிசையாக நிறுத்தும் பெரட்டில் ராமையா கங்காணி பெயர் வாசித்து ஆள் பிரித்தார். யாரையும் கேட்கவில்லை. ரப்பர் விலைக்காகக் கவர்மெண்ட் உற்பத்தியைக் குறைத்திருந்த காலம். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் பால்வெட்டு. வேலையில்லாத நாளில் லயத்து வீடுகளில் கிடக்கிற ஆட்களைத் திடலில் ஓடவிட்டால் என்ன நஷ்டம் என்று கங்காணி நினைத்தார். முதல் பெயர் சன்னாசி.

சன்னாசிக்கு முப்பது வயதிருக்கும். சேலம் பக்கம். மெலிந்த உடம்பு, நீளமான கால். தோளில் இரண்டு வாளி நிறையப் பாலைச் சுமந்துகொண்டு மேட்டுக்காட்டிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கி ஓடிவருவான். மனைவி வீரம்மாவும் பால் வெட்டுகிறவள். பாப்பா என்று ஒரு மகள், நாலு வயது.

முதல் நாள் பந்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "கிராணி ஐயா, இது என்னா பந்துலா, முட்டையாட்டம் இருக்கு? கால்ல ஒதைக்கவும் வேணாங்குறீங்க."

"தூக்கிக்கிட்டு ஓடணும், சன்னாசி. நாலு தடவைக்குள்ள பத்து கஜம் போவணும். போவலன்னா பந்து அவங்களுக்கு."

"பத்து கஜம்னா எத்தன மரம்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒன்ற மரத் தூரம்."

"அவ்ளோதானா!" என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து கஜத்தை விட்டுவிட்டேன். மரக் கணக்கில்தான் சொல்லிக் கொடுத்தேன். இடதுபுறம் ஓடுவதற்கு மேட்டு நெர, அதாவது மேட்டு மரவரிசை, என்று பெயர். வலதுபுறம் பள்ளத்து நெர. நடுவில் மோதிப் போவதற்குச் சடக்கு, அதாவது தோட்டத்து ரோடு. நான் "பள்ளத்து நெர!" என்று கத்தினால் மூன்று பேர் முன்னால் போய் இடிப்பார்கள், சன்னாசி அவர்கள் முதுகுக்குப் பின்னால் வளைந்து ஓடுவான். பத்திரிகையில் அச்சாகியிருந்த படக்கோடுகளை வைத்து நானே இதையெல்லாம் புரிந்துகொண்டேன். மூன்று மாதம் போனது. மாலையில் லயத்துப் பக்கம் நடந்தால் "ஐயா, இன்னைக்கு ஆட்டம் இருக்கா?" என்று ஆள்மாற்றி ஆள் கேட்பார்கள். என் வாழ்க்கையில் அதுபோல் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

வீரம்மா மட்டும் ஒருநாள் திடலோரம் வந்து நின்றாள். "ஐயா, இதுல அடிகிடி பட்டா யாரு பாக்குறது?"

"அடியெல்லாம் படாதும்மா. வெளையாட்டுதானே?"

"ஒருத்தர்மேல ஒருத்தர் விழுறாங்க. வெளையாட்டுங்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஹார்லன் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பலகை. சிவப்புச் சாயத்தில் 'ஓராங் இந்தியன்ஸ்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. என்னுடைய வேடிக்கைப் பேச்சுதான். பக்கத்தில் ஒரு சாக்கு. அதில் சேவல் இறகுகளைத் துணிப்பட்டையில் தைத்துப் பதினொரு தலைக்கட்டுகள். இடைவேளையில் நம் ஆட்கள் இதைக் கட்டிக்கொண்டு திடலைச் சுற்ற வேண்டும், தன்னுடைய இரண்டு வேட்டை நாய்களை அவிழ்த்துவிடப்போவதாகவும் ஒருவன் ஆட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட வேண்டும் என்றும் சொன்னார். ஈப்போவிலிருந்து துரைசாணிகள் வருகிறார்களாம்.

"சார், இடைவேளையில் அவர்களுக்கு ஓய்வு வேண்டும்" என்றேன்.

"பதினைந்து நிமிஷம்தானே, பாஸ்கல். நாள் முழுக்க மலையேறுகிறவர்கள்."

"சரி, சார்."

பத்துத் தோல்விக்குப் பின்னால் இருந்த நாயை எண்ணிச் சொன்னவன் நான்தான். அதேபோல் நாயை நம் ஆட்களின்மேல் விடப்போகிறேன் என்று துரை சொன்னபோது என் வாயில் வந்தது 'சரி சார்' மட்டும்தான்.

சன்னாசியிடம் சொன்னபோது அவன் தலைக்கட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. "தலையில கோழி றெக்கையா? நாங்க என்னா கூத்தாடிங்களா, ஐயா?"

"தொரை ஆசப்படுறாரு."

"நாய் கடிக்குமா?"

"கடிக்காது. பழகுன நாய்தான்."

"யாருக்குப் பழகுனது?"

நான் தலைக்கட்டைச் சாக்குக்குள் திரும்ப வைத்தேன். அவன் மேலே கேட்கவில்லை. கிராணி சொன்னால் அது துரை சொன்ன மாதிரி என்பது தோட்டத்துச் சட்டம்.

ஜூலை நாலு, வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கே புகைக்கொட்டகைக்குப் பக்கத்துத் திடலில் ஏழெட்டு மோட்டார் கார்கள் நின்றன. துரைமார்களும் துரைசாணிகளும் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜனங்கள் மேட்டுச் சரிவில். சீக்கியர்கள் ஒவ்வொருவரும் நம் ஆளைவிட ஒரு முழம் உயரம். ஆனால் அவர்களுக்கு ஆட்டம் பிடிபடவில்லை. குரூகர் அவர்களுக்கு இரண்டு வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார், அதுவும் இங்கிலீஷில்.

முதல் அரை மணி நேரம் இரு பக்கமும் முட்டிக்கொண்டதுதான் மிச்சம். பிறகு நான் "பள்ளத்து நெர!" என்று கத்தினேன். சன்னாசி பந்தை வயிற்றோடு அணைத்து வளைந்தான். ஒருவன் கை நீட்டினான், குனிந்தான். இன்னொருவன் பாய்ந்தான், ஒதுங்கினான். பத்து மரத் தூரம் தனியாக ஓடிப் போய்க் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். ஆறு புள்ளி. மேட்டில் இருந்த ஜனம் போட்ட கூச்சலில் கூடாரத்துத் துணி ஆடியது என்றே நினைத்தேன். என் தொப்பியைத் தூக்கி மேலே எறிந்தேன். ஹார்லன் எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இடைவேளை மணி அடித்தது. ஆறுக்கு பூஜ்யம். நாங்கள் முன்னால் இருந்தோம்.

சீக்கியர்கள் மரநிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். குரூகரின் சமையற்காரர் அவர்களுக்கு ஆரஞ்சுச் சுளையும் தேநீரும் கொடுத்தார். எங்கள் ஆட்கள் இறகைக் கட்டினார்கள். பலகையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். கூடாரத்தில் கைதட்டல். பிறகு சன்னாசியின் கையில் ஆட்டுத்தோலைக் கொடுத்தார்கள். ஆட்களில் வேகமானவன் அவன்தானே. நாய்களை அவிழ்த்துவிட்டார்கள்.

அவன் மூன்று சுற்று ஓடினான். மூன்றாவது சுற்றில் ஒரு நாய் அவன் கால்சட்டையைப் பிடித்துக் கிழித்தது. கெண்டைக்காலில் பல் பட்டு ரத்தம் வந்தது. தோலைத் தூக்கி எறிந்துவிட்டு, இறகு ஒரு காதில் தொங்க, அவன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி நின்றான். துரைசாணிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன்.

மேட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மறுபாதியில் எங்கள் ஆட்களின் காலில் பலம் இல்லை. குரூகர் கெட்டிக்காரர். சன்னாசி ஒருவன்மேல் மூன்று பேரை வைத்தார். பந்து அவன் கைக்குப் போன உடனே மூன்று பேரும் அவன்மேல் விழுந்தார்கள். ஏழுக்கு ஆறு. பதினாலுக்கு ஆறு. இருபதுக்கு ஆறு. ஹார்லன் என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கூடாரத்துக்கு முன்னால் குரூகர் ஏதோ சொல்ல எல்லாரும் என் திசையில் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியில் சன்னாசி நொண்டிக்கொண்டு கோட்டோரம் வந்தான். வாயோரம் மண். "ஐயா, கால் நிக்க மாட்டேங்குது. வேற ஆளப் போடுங்க."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "அஞ்சே நிமிஷம், சன்னாசி. ஒரே ஒரு தடவ ஓடு. இன்னொரு ஆறு எடுத்தா மானம் போவாது."

யாருடைய மானம் என்று அவன் கேட்கவில்லை. திரும்பிப் போனான்.

பள்ளத்து நெரதான் சொன்னேன். அவன் நாலு எட்டு வைத்திருப்பான். முதல் ஆள் இடுப்பைப் பிடித்தான். இரண்டாவது ஆள் தோளில் விழுந்தான். அவன் உடம்பு ஒரு பக்கம் மடங்கியபடி இருக்கும்போதே மூன்றாவது ஆள் முதுகின்மேல் வந்து விழுந்தான். காய்ந்த கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். எழுந்தவர்கள் எழுந்தார்கள். சன்னாசி எழவில்லை. கடைசியாக விழுந்த அந்தச் சீக்கியர்தான் முதலில் மண்டியிட்டு அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். தாடி நனைய அழுதார். வீரம்மா மேட்டிலிருந்து ஓடிவந்தாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள், என்னைப் பார்க்கவில்லை.

கதவுப் பலகை ஒன்றைக் கழற்றி அதில் படுக்கவைத்து லாரியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்றார் டாக்டர். இனி வராது என்பதை இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். தமிழில் வீரம்மாவிடம் நான் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. புத்தகத்தோடு வரச் சொல்லி ஆள் வந்தது. போனேன். ஹார்லன் நிறையக் குடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கம்பளியும் பழமும் அனுப்பியதாகச் சொன்னார். பிறகு குரூகர், பேச்சை மாற்ற வேண்டும் என்பதுபோல், "அப்படியானால் ஆக மோசமான பருவம் எது என்று முடிவாகிவிட்டது. ஓராங் இந்தியன்ஸ், 1924. ஆடியது ஒன்று, தோற்றது ஒன்று" என்றார். ஹார்லன் மூக்கால் சிரித்தார். "எழுது, பாஸ்கல்."

எழுதினேன். தேதியும் போட்டேன்.

திங்கட்கிழமை இன்னொன்றும் எழுத வேண்டியிருந்தது. தொழிலாளிக்கு எப்படி அடிபட்டது என்று கவர்மெண்ட் ஆபீசிலிருந்து கேட்டிருந்தார்கள். விடுமுறை நாளில் தன் விருப்பத்தின்பேரில் விளையாடும்போது தவறி விழுந்தான் என்று ஹார்லன் வாசகம் சொன்னார். நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன்.

"சார், பெரட்டில் பெயர் வாசித்துத்தான் எடுத்தார்கள்."

"யார் வாசித்தது?"

"கங்காணி."

"யார் பழக்கியது? சொல்லிக் கொடுத்தால் வரும் என்று என்னிடம் சொன்னது யார்? கடைசியில் அவன் வெளியே வருகிறேன் என்றபோது உள்ளே அனுப்பியது யார்? கூடாரத்திலிருந்து எல்லாரும் பார்த்தோம்." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அப்படியும் எழுதலாம், பாஸ்கல். உனக்கு எது வேண்டும்?"

தன் விருப்பத்தின்பேரில் என்று அடித்தேன். சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து.

அந்த வார ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞாயிறு பூசைக்குப் போவதாகச் சிலிபினில் அம்மாவிடம் சொல்லிவிட்டு மாதா கோயிலைத் தாண்டி நடந்தேன். சன்னாசி மல்லாந்து படுத்திருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கட்டிலோரம் நின்று "சன்னாசி அண்ணே" என்று கூப்பிட்டேன். அதுவரை நான் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அண்ணே கிண்ணேன்னு கூப்புடாதீங்க, ஐயா. கூச்சமா இருக்கு" என்றான். கூரையைப் பார்த்தபடி கேட்டான். "கடசி ஓட்டத்துல எவ்ளோ தூரம் போனேன்?"

"ஒன்ற மரத்துக்கு மேலயே போயிட்டீங்க."

அவன் சிரிப்பது போல் உதட்டைச் சுழித்தான். "பொய் சொல்றீங்க. அர மரம்கூட இல்ல. எனக்குத் தெரியாதா?" பிறகு கண்ணை மூடிக்கொண்டான். தூங்கவில்லை. நான் போகட்டும் என்றுதான் மூடினான் என்று எனக்குத் தெரிந்தது.

வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அக்டோபரில் சன்னாசியின் முறை வந்தது. ஈப்போ ரயிலடியில், பிறை என்ற துறைமுக ஊருக்குப் போகும் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். அங்கிருந்து பினாங்கு, அப்புறம் நாகப்பட்டினக் கப்பல். சன்னாசியைத் துணித்தூளியில் கிடத்தியிருந்தார்கள். பாப்பா அவன் காலைப் பிடித்து ஆட்டி விளையாடிக்கொண்டிருந்தாள், அவனுக்கு அது தெரியவில்லை. நான் ஒரு பிஸ்கட் டின்னும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.

வீரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "ஐயா, கவர்மெண்டு ஆபீசுலேர்ந்து ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டாரு. எம்புருசன் தானா ஆசப்பட்டு ஆடுனதுன்னு தாள்ல இருக்காமே. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்களாமே."

நான் டின்னையும் ரொட்டியையும் பெஞ்சின்மேல் வைத்தேன்.

"இல்லன்னு நான் சொன்னேன். பெரட்டுல பேரு கூப்புட்டாங்கன்னு சொன்னேன். அவரு தாளத்தான் பாத்தாரு." அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அவரு உங்கள எவ்ளோ நம்புனாரு, தெரியுமா? ராத்திரி சோறு திங்கும்போதுகூட மேட்டு நெர, பள்ளத்து நெரன்னு சொல்லிக்கிட்டே திம்பாரு. எனக்குக்கூட மனப்பாடம் ஆயிருச்சு."

"வீரம்மா, எனக்கு வேற வழி..."

"இருக்கட்டும், ஐயா. வண்டி வருது."

தூளியைத் தூக்க நான் கை கொடுக்கப் போனேன். அதற்குள் வீரம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், மறுமுனையைக் கூலிக்காரர் பிடித்தார். சன்னாசி கண்ணை மூடியிருந்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் பார்த்தேன். டின்னும் ரொட்டியும் பெஞ்சின்மேல் வைத்தபடியே இருந்தன.

அதே மாதம் புதிய பத்திரிகைக் கட்டு வந்தது. கேன்டன் அணியைக் கிளீவ்லாந்துக்காரர் ஒருவர் வாங்கி, நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார் என்று ஒரு செய்தி. இரண்டு வருஷம் தோற்காத அணி, அந்தப் பருவம் கேன்டன் என்ற பெயரில் ஆடவே போவதில்லை. நான்தான் கத்தரித்துக் கொடுத்தேன். ஹார்லன் அதை இரண்டு முறை வாசித்தார். எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றார். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. "இது அநியாயம், பாஸ்கல். அந்த ஊர் ஜனங்களை யாராவது கேட்டார்களா?" என்றார். அன்று முழுக்க அவர் ஆபீஸில் உட்காரவில்லை. அந்த மனுஷன் கண்ணீர் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்தக் கட்டில் ஊராங் இந்தியன்ஸ் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று நானும் தேடினேன். அணியையே கலைத்துவிட்டார்களாம்.

ஜனவரியில் பெரிய கிராணி ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடத்தை ஹார்லன் எனக்குக் கொடுத்தார். வேறு தோட்டங்களில் என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர் அதற்குக் கேட்டிருந்தார்கள். ஏன் எனக்குக் கிடைத்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பலகைத் தரை போட்ட வீடு கிடைத்தது. அடுத்த வருஷம் சிலிபினில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஹில்டாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். 1927-இல் ஹார்லன் சுமத்ராவுக்கு மாற்றலாகிப் போனார். போகும்போது அந்தப் புத்தகத்தை எனக்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதை ஆபீஸ் அடுப்பில் போட்டேன். தடித்த அட்டை, எரிய வெகு நேரம் பிடித்தது.

லயத்து ஜனங்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொன்னால் திருப்பிச் சொல்ல என்னிடமும் ஏதாவது இருந்திருக்கும். அவர்கள் செய்தது வேறு. முன்பெல்லாம் எதிரில் வந்தால் தோளில் வாளியோடு நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். இப்போது தூரத்தில் என் தொப்பி தெரிந்தவுடனே பாதையை விட்டுப் புல்லில் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நான் கடந்து போகும்வரை குனிந்தபடி நிற்கிறார்கள். அன்று என்னோடு திடலில் ஓடிய பத்துப் பேரும் அப்படித்தான். ராமையா கங்காணிக்குக்கூட அவ்வளவு சலாம் கிடையாது.

கல்யாணமான புதிதில் ஒரு மாலை ஹில்டாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தேன். இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கிக் குனிந்தார்கள். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"ஒங்களுக்கு இங்க எவ்ளோ மரியாத, பாத்தீங்களா?" என்று காதோரம் சொன்னாள்.

நான் தலையாட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.